குகேஷை ஜெயிக்க வைத்தது மனநிலையா? அப்படியானால் டிங்?

ஆலமரத்தடி

எங்கள் பகுதியில் ஒரு கோச்சிங் சென்டர் வாசலில் பேனர் வைத்திருக்கிறார்கள். செஸ் உலக சாம்பியன் ஆன குகேஷ் படம், கீழே கொட்டை எழுத்தில் "மனம் மகிழ்ந்தால் வெற்றி நிச்சயம்". உள்ளே நடப்பது நீட் வகுப்பு, அது வேறு விஷயம்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலக செஸ் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்துக்குப் பிறகு எங்கே பார்த்தாலும் இதே பேச்சு. மனநலப் பயிற்சியாளர் பேடி அப்டன் வந்தார், மனதைப் பக்குவப்படுத்தினார், பையன் ஜெயித்தான். எதிரே இருந்த அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரென் மனச்சோர்வில் இருந்தார், அதனால் தோற்றார். கதை எவ்வளவு கச்சிதம் பாருங்கள்.

எனக்கு உறுத்துவது இதுதான். மொத்தம் 14 ஆட்டங்கள். 13 முடிந்தபோது ஸ்கோர் 6.5–6.5. மனம் சரியில்லை என்று எல்லோரும் சொன்ன ஆள், ஊதித் தள்ளிவிடுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்த பையனோடு சரிக்குச் சரி நிற்கிறார். 14ஆவது ஆட்டம், 55ஆவது நகர்த்தல், டிங் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். முடிந்தது. வைக்காமல் இருந்திருந்தால் அநேகமாக டிரா, மறுநாள் டைபிரேக், அதாவது குறைந்த நேரத்தில் ஆடும் விரைவு ஆட்டங்கள். விரைவு ஆட்டத்தில் டிங்கின் கைதான் ஓங்கும் என்று பலர் நினைத்திருந்தார்கள். அப்படி நடந்திருந்தால் இதே ஆட்கள் பேனரில் என்ன எழுதியிருப்பார்கள்?

முயற்சி, மகிழ்ச்சி, மனநிலை, இந்த மூன்றுக்கும் வெற்றிக்கும் நிஜமாகவே என்ன சம்பந்தம்? செஸ்ஸை வைத்தே பேசுவோம். அதில் ஒவ்வொரு நகர்த்தலும் பதிவாகி இருக்கிறது, ஒரு அளவுக்கு மேல் கதை விட முடியாது. குறள் போட வருகிறவர்கள் ஆள்வினையுடைமையோடு ஊழ் அதிகாரத்தையும் ஒருமுறை புரட்டிவிட்டு வரவும்.

கடைசிபெஞ்ச்

"அனுபவமே வெற்றிக்கு ஆதாரம்" என்று எழுதியிருப்பார்கள். படம் மட்டும் மாறும், ஃபான்ட் அதேதான்.

சிப்பாய்64

நான் குழந்தைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறவன். அகாடமி என்று பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது, வீட்டு மாடிதான்.

ஆலமரத்தடி சார், 55ஆவது நகர்த்தலை மட்டும் தனியாக உருவி எடுத்துப் பார்க்காதீர்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது? ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். கணக்குப்படி டிரா. ஆனால் அதை டிராவாக நிறுத்த வேண்டிய வேலை முழுக்க டிங்குடையது. குகேஷுக்கு இழக்க ஒன்றுமில்லை, அதனால் ஆடிக்கொண்டே இருந்தார். டிங் அந்த ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே காய்களை வெட்டிக்கொண்டு டிராவை நோக்கித்தான் போனார். யானையை வைத்ததும் அதே அவசரத்தில்தான், யானைகளை மாற்றிக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று. யானைகள் போனதும் பிஷப்களையும் கட்டாயமாக மாற்ற வேண்டி வரும், பிறகு வெறும் சிப்பாய் ஆட்டத்தில் ஒரு சிப்பாய் குறைவாக நிற்கப் போகிறோம் என்பதை அவர் பார்க்கவில்லை.

6ஆவது ஆட்டத்தையும் பாருங்கள். டிங் ஒரே நகர்த்தல்களைத் திரும்ப ஆடி டிராவுக்கு வழி விட்டார். சற்றே கீழான நிலையில் இருந்தது குகேஷ். ஆனாலும் விலகி வேறு நகர்த்தல் ஆடினார். செஸ் கணக்கில் அது சரியான முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது. முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு தோற்ற பையன், இப்படி ஒவ்வொரு ஆட்டத்தையும் இழுத்துக்கொண்டே போனான். இதற்கு நீங்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். டிங்கின் பிழையை குகேஷின் மனநிலை உண்டாக்கவில்லை. பிழை வருகிற நேரத்தில் ஆட்டம் இன்னும் முடியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

மதுரைமல்லி

நான் ஒரு அம்மாவாக எழுதுகிறேன். பையனுக்கு ஒன்பது வயது. ரேட்டிங் (தரப்புள்ளி) கணக்கிடும் செஸ் டோர்னமென்ட்டுகளுக்கு அழைத்துப் போகிறோம். தோற்றால் காரில் ஏறியதிலிருந்து வீடு வரும் வரை அழுகை. அவங்க அப்பா "பாசிட்டிவா நினைடா" என்கிறார். இன்னும் சத்தமாக அழுகிறான்.

மனநிலை பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தன் தொழிலையே நிறுத்தி வைத்தார். அம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. இது பையனின் முயற்சியா, பெற்றோரின் முயற்சியா, வசதியா? எங்கள் வீட்டில் இரண்டு பேரில் யார் வேலையை விட்டாலும் ஹவுசிங் லோன் நிற்கும். அதற்கு எந்த அப்டன் வருவார்?

டொரொண்டோதமிழ்

மல்லி அக்கா சொல்வது சரி. வசதியோடு அதிர்ஷ்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. உலக சாம்பியனோடு மோதப் போவது யார் என்று தீர்மானிக்கிற கேண்டிடேட்ஸ் போட்டி 2024 ஏப்ரலில் இங்கே டொரொண்டோவில்தான் நடந்தது. நானும் ஒருநாள் போய்ப் பார்த்தேன், அந்த மண்டபத்துக்குள்ள இருமக்கூடப் பயமாக இருந்தது.

குகேஷ் அந்தப் போட்டிக்கு எப்படி வந்தார் தெரியுமோ? 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 'சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ்' என்று ஒரு போட்டியை வைத்தது. அதிலே அர்ஜுன் எரிகைசியும் குகேஷும் சம புள்ளி, டைபிரேக்கில் குகேஷ் முதலிடம். அந்தப் புள்ளிகளோடுதான் ஃபிடே சர்க்யூட் (உலக செஸ் சம்மேளனம் ஆண்டுப் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டிப் போடும் பட்டியல்) வழியாக இடம் கிடைத்தது. அதுவும் சர்க்யூட்டில் முதலாவதாக வந்த கருவானா ஏற்கெனவே வேறு வழியில் தகுதி பெற்றிருந்ததால். அந்த நேரத்தில் அப்படி ஒரு போட்டியை நடத்த ஒரு மாநில அரசு முன்வந்திருக்காவிட்டால்?

சரி, வந்தாச்சு. 7ஆவது சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம் நேர நெருக்கடியில் தோற்றார். கடைசிச் சுற்றில் நகமுராவோடு டிரா செய்துவிட்டு, நெபோம்னியாஷியும் கருவானாவும் ஆடுகிற ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் யார் வென்றாலும் குகேஷோடு சம புள்ளி, டைபிரேக். கருவானா வெல்லுகிற நிலையில் இருந்தார். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தவறவிட்டார். 109 நகர்த்தல், டிரா. வேறு இரண்டு பேரின் கையிலே இருந்த ஆட்டம் அது. குகேஷின் மனநிலைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

சிப்பாய்64

> 7ஆவது சுற்றில் தோற்றார்

இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அதற்கு அடுத்த நாள் ஓய்வு நாள். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் இந்தப் போட்டி தன்னால் ஜெயிக்கக் கூடியது என்று தனக்குத் தோன்றியதாகப் பின்னால் குகேஷே சொன்னார். மீதி 7 சுற்றுகளில் 5 புள்ளி. 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாட்டில் (நாடுகளின் அணிகள் மோதும் செஸ் போட்டி) இதே பையன் முதல் 8 ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டு, 10ஆவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் கையில் இருந்த ஆட்டத்தைத் தொலைத்தான். இந்தியா 'பி' அணியின் தங்கம் அங்கே போனது, உஸ்பெகிஸ்தான் தட்டிக்கொண்டு போனது. அன்று அவன் இடிந்துபோய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022க்கும் 2024க்கும் நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அது அதிர்ஷ்டம் இல்லை.

ஆய்வுக்கூடம்

உளவியல் படித்தவன், இப்போது வேறு வேலை. எண்களைக் கொஞ்சம் வைக்கிறேன்.

முயற்சி: 2007இல் கோபே, காம்பிடெல்லி என்ற இருவர் அர்ஜென்டினா செஸ் ஆட்டக்காரர்களை ஆராய்ந்தார்கள். மாஸ்டர் தரத்தை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரப் பயிற்சி போதுமானதாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதைவிடக் கூடுதலாக உழைத்தும் எட்டாதவர்களும் இருந்தார்கள். உழைக்காமல் எட்டியவர் மட்டும் யாரும் இல்லை. 2014இல் மெக்நமாரா குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செஸ் மாதிரி ஆட்டங்களில் ஆட்டக்காரர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் 26 சதவீதத்தை முறையான பயிற்சி விளக்கியது. இசையில் 21, விளையாட்டில் 18, படிப்பில் 4.

மனநிலை: திறமை வளரக்கூடியது என்று நம்புகிறவன் நன்றாகச் செய்வான் என்ற கரோல் டுவெக்கின் கருத்து ஊரெல்லாம் பரவியிருக்கிறது. 2018இல் வந்த தொகுப்பாய்வு, அந்த நம்பிக்கைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு மிகவும் பலவீனமானது என்றது. 2019இல் அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் செய்த பெரிய சோதனையில், பின்தங்கிய மாணவர்களுக்கு 4 புள்ளி அளவில் ஏறக்குறைய 0.1 உயர்ந்தது. ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஆன்லைன் பாடத்துக்கு அது நல்ல விளைச்சல்தான். ஆனால் பேனர் வைக்கிற அளவுக்கு இல்லை.

மகிழ்ச்சி: 2005இல் லியுபோமிர்ஸ்கி, கிங், டீனர் மூவரும் 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். வெற்றி மகிழ்ச்சியைத் தருவது மாதிரியே, முன்னதாக மகிழ்ச்சியாக இருப்பவர்கள் பின்னால் வேலையிலும் உறவிலும் கொஞ்சம் நன்றாகச் செய்கிறார்கள் என்பது முடிவு. 'கொஞ்சம்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசிபெஞ்ச்

26 சதவீதம் பயிற்சி என்றால் மீதி 74 சதவீதம் ஜாதகமா?

ஆய்வுக்கூடம்

இல்லை தம்பி. ஒரு ஆளின் வெற்றியை 26, 74 என்று பங்கு போடுகிற எண் இல்லை இது. ஆயிரம் பேர் ஏன் வேறு வேறு இடத்தில் நிற்கிறார்கள் என்று கேட்டால், அந்த ஏற்றத்தாழ்வில் பயிற்சி நேரம் விளக்குகிற பகுதி. மீதியில் எந்த வயதில் தொடங்கினார்கள், யார் சொல்லிக் கொடுத்தார்கள், இயல்பான திறன், அளவீட்டுப் பிழை எல்லாம் இருக்கிறது. மல்லி அக்கா சொன்ன ஹவுசிங் லோனும் அதற்குள்தான்.

வெள்ளைக்குதிரை

ஒரு காலத்தில் மாநில அளவில் ஆடியவன், இப்போது விட்டுவிட்டேன். எல்லோரும் குகேஷைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தக் கேள்விக்குச் சரியான ஆள் டிங்தான்.

அவர் உலக சாம்பியன் ஆன பாதையைப் பாருங்கள். 2022 கேண்டிடேட்ஸுக்கு அவர் தகுதி பெறவே இல்லை. ரஷ்ய ஆட்டக்காரர் கர்யாகின் தடை செய்யப்பட்டதால் ஒரு இடம் காலியானது, அது ரேட்டிங் அடிப்படையில் போக வேண்டியது. கோவிட் காலத்தில் அந்த இடத்துக்குத் தேவையான எண்ணிக்கையில் ஆட்டங்கள் ஆடாததால், சீனாவில் அவசரமாகப் போட்டிகள் வைத்து டிங்கின் கணக்கை நிரப்பினார்கள். மாட்ரிட்டில் நடந்த அந்தக் கேண்டிடேட்ஸில் இரண்டாம் இடம். இரண்டாம் இடத்துக்கு வழக்கமாக எதுவும் கிடையாது. ஆனால் அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சன் பட்டத்தைக் காக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். அஸ்தானாவில் நடந்த பட்டப் போட்டியில், முதலிடம் பெற்ற நெபோம்னியாஷியோடு சமநிலை, விரைவு ஆட்டத்தில் டிங் ஜெயித்தார். 2023 ஏப்ரல் 30. சீனாவின் முதல் ஆண் உலக சாம்பியன். ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி எது?

அதற்குப் பிறகுதான் அவருக்கு மோசமான காலம். அஸ்தானாவின் முதல் ஆட்டம் முடிந்தபோதே மனம் சரியில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். பட்டம் வந்து அதைக் குணப்படுத்தவில்லை. பல மாதம் கிளாசிக்கல் (நீண்ட நேரம் யோசித்து ஆடும்) போட்டிப் பக்கமே வரவில்லை. திரும்பி வந்து 2024 நார்வே செஸ்ஸில் கடைசி இடம். புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. தரவரிசையில் முதல் இருபதுக்கு வெளியே.

அந்த ஆள் சிங்கப்பூருக்கு வந்து முதல் ஆட்டத்தைக் கறுப்புக் காய்களோடு ஜெயிக்கிறார். 11ஆவது ஆட்டத்தில் தோற்று, பட்டம் கைநழுவுகிறது என்கிற நிலையில் 12ஆவது ஆட்டத்தில் குகேஷை நசுக்குகிறார். இதை எந்த மனநிலைச் சூத்திரத்தில் அடைப்பீர்கள்?

இன்னொன்று. மனச்சோர்வு ஒரு நோய். அதை 'நெகட்டிவ் திங்கிங்' என்று சொல்லி, எதிராளியின் பாசிட்டிவ் மனநிலை அதை வென்றது என்று கதை கட்டுவது அசிங்கம். காய்ச்சலோடு ஓடித் தோற்றவனைப் பற்றி அப்படி யாராவது எழுதுவார்களா?

ஆலமரத்தடி

நான் கேட்க வந்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் ஒரு முரண் இருக்கிறது. மகிழ்ச்சி தேவையே இல்லை என்றால், கார்ல்சன் ஏன் பட்டத்தை விட்டார்? 2013இல் இதே சென்னையில் ஆனந்திடமிருந்து வாங்கிய பட்டம். ஐந்து முறை ஜெயித்த போட்டி. 2022இல், ஆடுவதற்கு ஆர்வம் இல்லை, ஜெயித்துப் புதிதாகக் கிடைக்கப் போவது எதுவுமில்லை என்று சொல்லிவிட்டு விலகினார். திறமை குறையவில்லை, ரேட்டிங்கில் இன்றைக்கும் முதலிடம். பிடிக்காத வேலைக்கு மாதக்கணக்கில் தயார் செய்ய அவரால்கூட முடியவில்லை.

வெள்ளைக்குதிரை

முடியவில்லை என்பதைவிட, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வசதி இருந்தது. மற்றவர்களுக்கு அது கிடையாது. ஆனால் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். மகிழ்ச்சி ஆட்டத்தை ஜெயித்துத் தராது. நாளைக்கும் காலையில் எழுந்து போர்டைத் திறக்க வைக்கும், அவ்வளவுதான். நான் ஆட்டத்தை விட்டதும் தோல்வியால் இல்லை. ஜெயித்த நாளிலும் எப்போது வீட்டுக்குப் போவோம் என்று இருந்தது.

சிப்பாய்64

இங்கேதான் நாம் எல்லோரும் ஒரே இடத்துக்கு வருகிறோம் என்று நினைக்கிறேன். குகேஷ் சிறு வயதில் விஷ்ணு பிரசன்னாவிடம் பயின்றபோது, 2500 ரேட்டிங்கை நெருங்கும்வரை, சிறந்த நகர்த்தலைச் சொல்லிவிடும் கம்ப்யூட்டர் என்ஜினே பயன்படுத்தவில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் பட்டனைத் தட்டி விடை பார்க்கும் காலத்தில், இவன் ஒரு நிலையை எடுத்துத் தானே கணக்குப் போட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் வீண் வேலை. ஆனால் விடை தெரியாமல் நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கிற பழக்கம் அதில்தான் வருகிறது. 6ஆவது ஆட்டத்தில் டிராவை மறுத்ததை நான் அங்கே பார்க்கிறேன். மனநிலை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, பழகிப்போன பயிற்சிதான். அப்டன் சில மாதங்களில் ஊட்டிய மருந்து இல்லை அது.

டொரொண்டோதமிழ்

2011 உலகக்கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடும் அப்டன்தானே இருந்தார். அப்போதும் எல்லாப் பெருமையையும் அவருக்கு ஒருத்தரும் கொடுக்கவில்லை. செஸ்ஸில் தனி ஆள் ஆடுவதால் ஒரு காரணம் தேடுகிறோம் போல.

கடைசிபெஞ்ச்

பேனர் வைத்தவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். 2025 செப்டம்பரில் சமர்கண்டில் நடந்த கிராண்ட் சுவிஸ் செஸ் போட்டியில் குகேஷ் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றார். உலக சாம்பியன், அதே மனம், அதே உழைப்பு. அந்த வாரம் எந்தக் கோச்சிங் சென்டரும் புதுப் பேனர் வைக்கவில்லையே?

மதுரைமல்லி

நீங்கள் எல்லாம் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். சிப்பாய் சார், எனக்கு ஒரு பதில் மட்டும் சொல்லுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் டோர்னமென்ட் இருக்கிறது. தோற்றுவிட்டு வெளியே வந்தால் நான் என்ன சொல்ல வேண்டும்? என்ஜின் போட்டுப் பார்க்க விடலாமா?

சிப்பாய்64

அம்மா, அப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். முதலில் சாப்பிட வையுங்கள். அழுதால் அழட்டும், ஒன்பது வயதில் அழாமல் என்ன செய்வான், குகேஷே சிங்கப்பூரில் ஜெயித்துவிட்டு உட்கார்ந்த இடத்தில் அழுதான். அழுதபடியே காய்களை எல்லாம் எடுத்து முதல் நிலைக்கு அடுக்கி வைத்தான். அந்த வீடியோவை வேண்டுமானால் பையனுக்குக் காட்டுங்கள்.

ஸ்கோர் ஷீட்டைத் தொலைக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் எங்கே தப்பு செய்தான் என்று அவனே போர்டில் ஆடிக் காட்டட்டும், நீங்களும் அப்பாவும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். உங்களுக்குச் செஸ் தெரியாவிட்டால் இன்னும் நல்லது, எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டி வரும். என்ஜின் அதற்குப் பிறகு, அதுவும் அவன் கேட்டால்.

அடுத்த வாரம் ஆட வேண்டாம் என்று அவனே சொன்னால் விட்டுவிடுங்கள். நுழைவுக் கட்டணம் திரும்ப வராது, அது மட்டும்தான் நஷ்டம்.

மதுரைமல்லி

சரி சார். அவங்க அப்பாவிடமும் இந்தப் பதிவைக் காட்டுகிறேன், 'பாசிட்டிவா நினைடா' இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு.